இரவல்

மிஃபுயு வந்த ரயில் பதினோரு நிமிடம் தாமதம்.
தண்டவாளத்தில் மான் என்றார்கள்.
இந்த வடக்குத் தீவில் அது போதுமான காரணம்,
யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஆறு வருடம்.
தலைமுடியைக் காதோடு வெட்டியிருந்தாள்.
"நீ அப்படியேதான் இருக்கிறாய்" என்று
இருவரும் ஒரே நேரத்தில் பொய் சொன்னோம்.

காபிக் கடையில் கணக்குத் தீர்த்தோம்.
அவள் ஹிராட்சுகா ஆனதும்
மறுபடி குமெடா ஆனதும்,
வங்கி, காப்பீடு, நூலக அட்டை என்று
பதினான்கு இடங்களில் பெயர் மாற்றியதும்,
பழைய முத்திரைக் கட்டையை எறியாமல்
இழுப்பறையில் போட்டு வைத்தது உதவியதும்.
நான் ஐஸ் ஆலைக் கணக்கில் இன்னும் இருப்பதும்.
அப்பா மார்ச்சில் போனதும்.
"ஓ" என்றாள். அவள் கரண்டி
இன்னொரு சுற்று சுற்றிவிட்டு நின்றது.
என் முதுகுவலி. அவள் விட்ட சிகரெட்.
அதற்குமேல் பேச்சு தீர்ந்து
ஜன்னல் பக்கம் திரும்பினோம்.
வெளியே மூடுபனி. பார்க்க ஒன்றுமில்லை,
நன்றாகப் பார்த்தோம்.

"சொன்னால் சிரிப்பாய்"
என்று பையிலிருந்து ஆல்பம் ஒன்றை எடுத்தாள்.
சாக்கடை மூடிகள்!
ஊருக்கு ஒரு மூடி, மூடிக்கு ஓர் அட்டை,
காசில்லை, ஆனால் நேரில் போக வேண்டும்,
ஆளுக்கு ஒன்றுதான்.
கணவாய் மீன், ஆப்பிள், கோட்டை, எரிமலை,
வெங்காயத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு கரடி.
"விவாகரத்துக்குப் பிறகு நூற்று அறுபத்திரண்டு ஊர்.
உன்னைப் பார்க்க வந்தேனா மூடிக்கு வந்தேனா
என்று மட்டும் கேட்காதே."
கேட்கவில்லை.
சுற்றுலா அலுவலகத்தில் அவளோடு வரிசையில் நின்றேன்.
வரிசையே நாங்கள்தான்.
எங்கள் ஊர் மூடியில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.
பதினெட்டு வருடம் அதை மிதித்து
வேலைக்குப் போயிருக்கிறேன்.

நடைமேடையில்தான் புத்தகம் நினைவுக்கு வந்தது.
அவள் ஊரைவிட்டுப் போகும்போது தந்தது.
மெலிந்த புத்தகம், மூன்றாவது கதைதான் அதில் விஷயம்:
ஒருத்தி புது வீட்டுக்குக் குடிவருகிறாள்.
மாலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி
கதவைத் தட்டுகிறாள்,
"இரவல் வாங்கியதைத் திருப்பித் தர வந்தேன்."
ஒரு நீலக் கிண்ணம்.
இவள் எதுவும் கொடுத்ததில்லை.
மரியாதைக்கு வாங்கி வைக்கிறாள்.
மறுநாள் குடை.
அதற்கடுத்த நாள் பாதி பின்னிய ஸ்வெட்டர்.
பிறகு காகிதத்தில் மடித்து நான்கு பால்பற்கள்.
கடைசி மாலை அவள் வெறுங்கையோடு வருகிறாள்,
ஒரு கையில் சிறுவன் ஒருவனின் கை இருப்பதைத் தவிர.
"இவ்வளவு நாள் கொடுத்து வைத்ததற்கு நன்றி."
இவள் குனிந்து வணங்கி
சின்ன அளவில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை
எடுத்து வைக்கிறாள்.
செருப்பு வீட்டிலேயே இருந்தது.
அவ்வளவுதான் கதை.
அப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்து படித்த வாரம்
பார்சல்காரன் மணியடித்தும்
நான் எழுந்து போகவில்லை.

மிஃபுயு புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.
முன்னட்டையைப் பார்த்தாள். பின்னட்டையைப் பார்த்தாள்.
ஒரு மான் தண்டவாளத்தைக் கடக்கும் நேரம்
அவள் முகத்தில் எதுவுமே இல்லை.
பிறகு குனிந்தாள்,
தோழிக்குக் குனிவதைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக.
"பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி."

கதவு மூடியது, ரயில் போனது.
எத்தனை முறை படித்திருப்பேன் அந்தக் கதையை,
ஒவ்வொரு முறையும் கதவுக்கு உள்ளேதான்
நின்றிருந்தேன்.

மூடுபனியில் காலால் துழாவி நடந்தேன்.
தெருமுனையில் கொக்கு. சுற்றிக்கொண்டு போனேன்.
சாவியைத் தேடும்போதுதான் பார்த்தேன்,
என் கையில் ஒரு குடை.
காலையில் நான் குடை எடுத்துப் போகவில்லை.